விலைபோகும் புஷ்டி

உடம்பில் கொழுப்பைக் குறைக்க வேண்டும், அதே சமயத்தில் தசையையும் வளர்க்க வேண்டும் என்கிற ஆசை இன்று சென்னைப் பட்டணத்து வாலிபர்களிடையே ஒரு விரதம்போலப் பரவியிருக்கிறது. அதற்காக அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை உடற்பயிற்சிக் கூடத்துக்கும், டப்பாவில் அடைத்து விற்கும் புரதப் பொடிக்கும் காணிக்கையாகச் செலுத்திவருகிறார்கள். பட்டணத்துக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், இவ்விரண்டு காரியங்களும் எவருடைய சங்கல்பமும் இல்லாமல் பல தலைமுறைகளாகத் தாமே நடந்துவந்தன என்பதையும், இப்போது அங்கேயும் அவை நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டன என்பதையும் நாம் கவனிப்பதில்லை. புஷ்டி தரும் பொருள் ஏலத்தில் விலைபோகிறது; புஷ்டியை உண்டாக்கிய உழைப்பை இயந்திரம் வாங்கிக்கொண்டது; வீட்டில் மிஞ்சுவது சோறு. இந்த இரு நஷ்டங்களையும் ஈடுசெய்யும் சாதனங்கள் குப்பத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பதும், அவற்றைப் பயன்படுத்தாமல் பொன்னேரிக் கடைகளில் பொடி தேடுவது வீண் என்பதும் என் அபிப்பிராயம்.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவைக் கிழக்கே அரணாகக் கொண்டு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இந்த உவர்நீர் ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரோடு, முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல்நீர் கலப்பதனால் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாயும் இங்கே செழிக்கின்றன. 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் நடத்திய டச்சுக்காரர்கள் தங்கள் கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோன பிறகும், வலைத்தொழில் இங்கே அறுபடாமல் நிலைத்தது. அந்தத் தொழில் செய்தவர்கள் கழி ஊன்றிப் படகைத் தள்ளினார்கள், துடுப்புப் போட்டார்கள், மார்பளவு தண்ணீரில் நின்று வலையை வளைத்து இழுத்தார்கள், நனைந்த வலையையும் நிறைந்த கூடையையும் மணலில் சுமந்து நடந்தார்கள். பல்லில் பறியைக் கவ்வியபடி சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களோ, வலையென்னும் உதவியும் இல்லாமல் முழு உடம்பையுமே கருவியாக்கிக்கொண்டவர்கள். இவ்வாறு பாரமான வேலையும், அந்த வேலைக்குப் பிறகு வட்டிலில் விழுந்த மீனும் சேர்ந்துதான் வயிறு ஒட்டித் தோள் திரண்ட அந்தச் சரீரத்தை உண்டாக்கின. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பசியும் நோயும் புயலும் அந்தச் சரீரங்களை அற்பாயுளில் கொண்டுபோனதும் உண்டு. ஆனால் வேலையும் மீனும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன என்பது உண்மை.

இன்று அவை பிரிந்துவிட்டன. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த பைபர் படகுகளும் அவற்றில் பூட்டிய இயந்திரங்களும், கட்டுமரத்தையும் துடுப்பையும் பெரும்பாலும் கரையேற்றிவிட்டன. அதனால் ஆபத்தும் அலுப்பும் குறைந்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணல் மூடித் தூர்ந்துபோகும் முகத்துவாரமும், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் ஏரித்தொழிலை நெருக்க நெருக்க, வாலிபர்கள் கம்பெனி வேலைக்கும் காவல் வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போய், நாள் முழுவதும் நாற்காலியிலோ இருக்கையிலோ அமர்ந்துவிடுகிறார்கள். கரைக்கு வரும் நல்ல இறாலும் கல்நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறி, பட்டணத்துக்கும் அப்பால் கப்பலுக்கும் போகின்றன. அரிசியோ 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் விலையில்லாமலே கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்த ஏற்பாட்டை நான் குறைகூற மாட்டேன். ஆனால் உழைப்புக் குறைந்த வீட்டில் சோற்றின் அளவு மட்டும் குறையாதிருந்தால், எரிக்கப்படாத மிச்சம் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை.

வேலையின் தன்மை மாறினால் உடம்பின் விதியும் மாறும் என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சியத்தை ஜெர்ரி மாரிஸ் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-இல் வெளியிட்டார். லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பஸ்களில் உட்கார்ந்தபடியே ஓட்டும் ஓட்டுநர்களைக் காட்டிலும், நாள் முழுவதும் படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாக இருப்பதை அவர் கண்டார். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே நகரத்தில் வேலை பார்த்தவர்கள். துடுப்புப் போட்ட தகப்பனும், இயந்திரத்தின் பிடியைப் பற்றி உட்காரும் மகனும் அதே ஏரியில், அதே படகுத்துறையிலிருந்து புறப்பட்டாலும், அவர்களுடைய சரீரங்கள் வெவ்வேறு தொழில் செய்கின்றன.

நம்முடைய தேசத்தாருக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-இல் 'லான்செட்' சஞ்சிகையில் தங்கள் இருவரையுமே உதாரணமாக நிறுத்திக் காட்டினார்கள்: உயரத்துக்குத் தக்க எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் 22.3, ஆனால் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தோன்றும் இந்தியனுக்குள்ளே தசை குறைந்து கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதையும், தராசு முள் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் சென்னை மோகன் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, தேசத்தில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன் உடையவர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் நீரிழிவுக்காரர்கள் என்றும் கணக்கிட்டது. இந்தியர்களுக்கு ஆண்களாயின் 90 சென்டிமீட்டரும் பெண்களாயின் 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. கால்சட்டைக்காரன் பொத்தான் எட்டாதபோதாவது விழித்துக்கொள்வான்; இந்த ஊரின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றிவந்த பழவேற்காட்டுக் கைலியைக் கட்டுகிறவனுக்கோ, வயிறு வளர வளர முடிச்சும் தளர்ந்து இடம் கொடுத்துவிடுவதால், வருஷங்கள் கழிந்த பின்னும் எச்சரிக்கை வருவதில்லை.

இனி, கொழுப்புக் குறைவதும் தசை வளர்வதும் ஒரே காலத்தில் நடக்குமா என்னும் கேள்விக்கு வருவோம். கொழுப்பு தசையாக மாறிவிடும் என்று சிலர் நம்புவது தவறு. அவை இரண்டும் வேறு வேறு தாதுக்கள். தசைக்கு மூலப்பொருள் புரதம். கொழுப்போ சேமித்துவைத்த எரிபொருள். உண்ணும் ஆகாரம் செலவைவிடச் சற்றே குறைவாக இருக்கும்போது உடம்பு தன் சேமிப்பிலிருந்து கொழுப்பை எடுத்து எரிக்கும். அந்தச் சமயத்தில் தசைக்குப் பாரமான வேலை கொடுத்து, போதிய புரதமும் அளித்தால், அது தசையைக் காப்பதோடு புதிதாகக் கட்டவும் செய்யும். வேலை கொடுக்காமல் பட்டினி மட்டும் கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். வேலை கொடுத்துப் புரதம் மறுத்தால் கட்டுவதற்குப் பொருள் இராது. ஆகவே சற்றே குறைந்த உணவு, நிறைந்த புரதம், பாரம் தூக்கும் அப்பியாசம், போதிய நித்திரை ஆகிய நான்கும் ஒருங்கே கூடவேண்டும். பயிற்சிக்குப் புதியவர்களுக்கும், கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், முன்பு உழைத்துப் பிறகு விட்டவர்களுக்கும் இது எளிதாகக் கைகூடும். ஏற்கெனவே முறுக்கேறிய மல்லனுக்குத்தான் கடினம். குப்பத்து வாலிபர்கள் பெரும்பாலும் முதல் வகையினர் என்பதை நினைத்தால், அவர்களுக்கு நம்பிக்கையளிக்கும் செய்தி இது.

இதற்குச் சோதனை ஆதாரமும் இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில், பருமனான இளைஞர் 40 பேரை 4 வாரம் கடுமையாகப் பயிற்றுவித்து, தேவையான ஆகாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் குறைத்து, ஒரு சாராருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமும் மற்றொரு சாராருக்கு 2.4 கிராமும் புரதம் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, புரதம் குறைவாக உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தாலும் தசையில் ஏற்றம் காணவில்லை. அதிகம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ கூடினார்கள். வைத்தியர் கண்காணிப்பில் நடந்த அந்தக் கடுந்தவத்தை வீட்டில் பின்பற்றக்கூடாது. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரிக்குச் சமானமாகையால், நாளொன்றுக்கு 400 கலோரி குறைத்தாலே மூன்று வாரத்துக்குள் ஒரு கிலோ குறைந்துவிடும். அவசரப்படுகிறவன் கொழுப்போடு தசையையும் பறிகொடுப்பான்.

வட்டிலின் கணக்கைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சாதாரண மனிதனுக்கு வகுத்த புரத அளவு கிலோவுக்கு 0.83 கிராம், தசையை வளர்க்கப் பயிற்சி செய்பவனுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் வரையில் பயனுண்டு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவனுக்கு அது 96 கிராம். நாளுக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்பவன் சுமார் 1400 கலோரியைப் பெற்றாலும், அதிலிருந்து கிடைக்கும் புரதம் 30 கிராமைச் சற்றே தாண்டும். அதே மனிதன் அரிசியை 200 கிராமாக்கி, முள்ளும் தோலும் நீங்கிய மீனை மதியமும் இரவும் 150 கிராம் வீதம் எடுத்துக்கொண்டு, இரண்டு முட்டையும் 50 கிராம் பயறோ கடலையோ சேர்த்தால், புரதம் ஏறக்குறைய 95 கிராமாகிவிடும். அரிசியில் குறைந்த 700 கலோரியில் பெரும்பகுதியை மீனும் முட்டையும் பயறும் நிரப்பிக்கொண்டாலும், மொத்தத்தில் சிறிது இடைவெளி மிஞ்சும். கீரையும் காயும் வயிற்றை நிறைக்கும். எண்ணெயில் மூழ்க வறுத்த மீன் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதையும், கருவாட்டில் புரதம் நிறைந்திருந்தாலும் உப்பு மிகுதியாகையால் இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது என்பதையும், சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் புரதத்தை ஏற்றக்கூடாது என்பதையும் மறக்கலாகாது. ஒரு கிராமுக்கு 7 கலோரி சுமந்துவந்து, நித்திரையையும் கெடுக்கும் மதுவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுவது வீண் வேலை.

மீன் விற்றால்தானே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், படகுக் கடனுக்கு வட்டி, வீட்டுக்கு எண்ணெய் என்று குப்பத்துப் பெண்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் விலையும் புஷ்டியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை என்பதே அதற்கு மறுமொழி. கப்பலேறும் இறாலிலும், ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பாராத காரப்பொடியிலும் கவலை மீனிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான்: பச்சையாக 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் வரை. இன்னும் சொல்லப்போனால், கவலை மீனிலுள்ள நல்ல கொழுப்பும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இறாலில் அந்த அளவுக்குக் கிடையா. ஆகவே இறாலை விற்று இரும்பும் இயந்திரமும் வாங்குங்கள். பொடிமீனை விற்றுப் புரதப் பொடி வாங்காதீர்கள்.

அந்தப் பொடியின் யோக்கியதை என்ன? கேரளத்து மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இந்தியாவில் பிரபலமான 36 வகைப் புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரதத்தின் அளவு பற்றிய சீட்டு உண்மைக்கு மாறானது என்று கண்டது. அதே வருஷம் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியிருக்கிறது. பொடி எல்லாம் விஷம் என்பது என் வாதமன்று. ஏரியில் நீந்திக்கொண்டிருக்கும் பொருளைக் கடையில் பல மடங்கு விலைக்குத் தேடுவது புத்தியன்று என்பதே.

இனி அப்பியாசம். நாள் முழுவதும் உழைக்கிறவனுக்குத் தனியே பயிற்சி எதற்கு என்று ஏளனம் செய்வோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஒரே பாரத்தை ஒரே விதமாக வருஷக்கணக்கில் இழுக்கும் தசை, அந்தப் பாரத்துக்குப் போதுமான அளவோடு நின்றுவிடும், பாரம் சிறிது சிறிதாக ஏறினால்தான் அதுவும் ஏறும். மேலும் வடகிழக்குப் பருவமழையிலும் புயற்காலத்திலும் படகு கரையிலேயே கிடக்கும் நாட்களில் அந்த உழைப்பும் இல்லை. பயிற்சிக்கு வேண்டிய சாதனங்களோ காசு கேட்பவை அல்ல. தையல் போட்டு மணல் நிரப்பிய உரச் சாக்கை 10 கிலோவில் தொடங்கித் தூக்கி, சுமந்து, தலைக்கு மேல் உயர்த்தி, 12 தடவை இலகுவாக வந்துவிட்டால் இன்னும் 2 கிலோ மணல் சேர்க்கலாம். தண்டாலும் பஸ்கியும் நம் பாட்டன்மார் அறிந்தவை; தொங்கி உடம்பை மேலே இழுக்க, இரண்டு தூணுக்கு நடுவே கட்டிய குழாய் போதும். தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது, உட்கார்ந்து எழுவது, சுமந்து நடப்பது என்கிற ஐந்தையும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று செய்தால், தொடங்குகிறவனுக்கு அது தாராளம்.

இவ்விஷயத்தில் வாலிபர்கள் செய்யும் பிழை ஒன்றைக் குப்பத்தாருக்கு விளக்குவது சுலபம். கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் ஏரியின் நல்ல இடங்களை எவரும் தமக்கே என்று பிடித்துக்கொள்ளாதபடி, முறைவைத்துப் பாடு போட்டு மீன் பிடிக்கும் ஒழுங்கை நெடுங்காலமாகக் காத்துவருகின்றன. அந்த நியாயம் உடம்புக்கும் பொருந்தும். கண்ணாடியில் தெரிகிற புஜத்துக்கும் மார்புக்கும் மட்டும் நாள்தோறும் பாடு கொடுத்து, முதுகுக்கும் தொடைக்கும் பாடு மறுப்பவன், தன் சரீரத்துக்குள்ளேயே ஓர் அக்கிரமத்தை நடத்துகிறான். ஒன்றுக்கு முறை வரும்போது மற்றொன்று ஓய்ந்திருப்பதும் அவசியம். தசை வளர்வது தூக்கும்போதன்று, தூக்கிய பின் உண்டு உறங்கும்போதுதான். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் பகலில் உறங்கியேனும் ஏழு மணி நேரத்தை நிறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஆண்களைப் பற்றியே பேசப்படுவது வழக்கம். அதுவும் ஒரு குறை. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் நடந்த காலம் போய், சந்தையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து மீன் நறுக்கி விற்கும் பெண்களுக்கும் வயிற்றுக் கொழுப்பு சேரும், எலும்பு தேயும், நீரிழிவு வரும். வீட்டிலோ மீன் துண்டுகள் முதலில் ஆண்களின் வட்டிலுக்கும் அடுத்துப் பிள்ளைகளின் வட்டிலுக்கும் போய், குழம்பும் சோறும் பெண்களுக்கு மிஞ்சுகின்றன. முதியவர்களுக்கும் இந்த அப்பியாசம் விலக்கல்ல. பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை எட்டிய பலவீனர்களுக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி அளித்தபோது, அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதென்று 1990-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அந்த வயதில் அவர்களால் முடிந்தது, அறுபது வயதில் ஏரிக்கரையில் வலை பின்னுகிறவருக்கும், ஐம்பது வயதில் மீன் விற்கிறவருக்கும் ஏன் முடியாது?

அரசாங்கத்திடம் நான் கேட்பது சொற்பம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் ஊழியர்கள் கையில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். கைலி மறைக்கும் இடுப்பை வருஷத்துக்கு இரண்டு முறை அளந்து, அந்த எண்ணைக் குடும்பத்தாருக்குச் சொல்லட்டும். ஊராட்சிகளில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்களைப் பூட்டிவைக்காமல், குப்பங்களுக்கு அருகே, பெண்களுக்குத் தனி நேரத்தோடு திறந்துவைக்கட்டும். முகத்துவாரத்தைத் தூர்ந்துபோக விடாமல் காப்பதும், துறைமுக விரிவுக்கும் சாம்பல் கழிவுக்கும் ஏரியைப் பலியிடாதிருப்பதும் தொழில் இலாகாவின் விவகாரம் மட்டுமல்ல. பொடிமீன் அழிந்தால் ஏழையின் புரதம் அழிந்ததென்று சுகாதார இலாகாவும் அதைத் தன் விஷயமாகக் கொள்ளவேண்டும்.

குப்பத்தாரிடம் கேட்பது அதனினும் சொற்பம். அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை ஏலத்துக்குப் போகும் கூடையிலிருந்து வீட்டுக்கு வேண்டிய பொடிமீனை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டு, அதில் வீட்டுப் பெண்ணுக்கும் சமபங்கு வைத்து, மிச்சத்தை ஏலத்துக்கு அனுப்புங்கள்.